நிறுத்தப்பட்ட வெர்ஷன்

வலங்கைமான் தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் என் கடை இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், டிசைனிங் என்று போர்டு. காலையில் பட்டா மாறுதலுக்கு மனு அடிக்க வருவார்கள். மற்ற வேலைகளுக்கு நேரம் காலம் கிடையாது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் நானே அடித்து, நானே டிசைன் செய்து, கும்பகோணத்தில் இருக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். அவர்கள் அச்சடித்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள்.

இதற்கெல்லாம் பல வருஷமாக ஒரே மென்பொருள்தான், அதிலும் ஒரே வெர்ஷன். தஞ்சாவூரில் ஒரு கடையில் சிடியாக வாங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எத்தனையோ வெர்ஷன் விட்டுவிட்டது. நான் மாறவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. வேலை நடந்துகொண்டிருந்தது, அதனால் விட்டுவிட்டேன். எந்த பட்டன் எங்கே என்று யோசிக்காமலே கை போகும். யாராவது வந்து உட்கார்ந்தால் பழைய மாதிரி ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்து வைத்துவிடுவேன். எனக்கு அந்த வேலையில் பெரிய ஆசையோ வெறுப்போ கிடையாது. சாயங்காலம் கழுத்து வலிக்கும். ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பேன்.

மாறும்படி ஆனது என் மகளால். அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வீடு, தோட்டம் இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கிற மென்பொருள் செய்யும் கம்பெனி. ஒரு தடவை லீவில் வந்தவள் என் கடையில் உட்கார்ந்து அந்தப் பழைய கம்ப்யூட்டர் போடும் சத்தத்தைக் கேட்டாள்.

"அம்மா, இது என்னைக்கு நிக்கும்னே சொல்ல முடியாது. நின்னா உள்ள இருக்குற அத்தனையும் போயிடும்" என்றாள்.

கும்பகோணத்து பிரஸ்காரரும் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க ஃபைல எங்க ஆளுங்க திறக்கவே முடியலங்கிறாங்க. புது வெர்ஷன்ல போட்டு அனுப்புங்கக்கா."

அடுத்த முறை அவள் வரும்போது காரில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. புது வெர்ஷனையும் அவளே போட்டாள். இப்போதெல்லாம் சிடி கிடையாதாம். வருஷா வருஷம் வாடகை கட்டினால்தான் திறக்குமாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்.

"நெலத்துக்குத்தான் குத்தகைன்னு பாத்தா இதுக்குமா?" என்றார்.

மகள் சிரித்தாள். என் ஃபைல்களை எல்லாம் புதியதில் ஏற்றினாள். ஓரிரண்டைத் திறந்து பார்த்தோம். பூவும் பார்டரும் பிள்ளையாரும் அப்படியே வந்தன. பழைய கம்ப்யூட்டரை ஒரு விதைநெல் சாக்கில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் சென்னைக்குப் போனாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

புதியதில் திரை கறுப்பாக இருந்தது. பட்டன்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பக்கத்தைப் பெரிதாக்க நான் அழுத்துகிற இடத்தில் வேறு ஏதோ இருந்தது. ஒருநாள் காலையில் திறந்தால் அதுவாகவே அப்டேட் ஆகி, முந்தின நாள் பழகிவைத்ததும் இடம் மாறியிருந்தது. பழகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மனு அடிப்பதற்கும் ஜெராக்ஸுக்கும் ஒன்றும் குறைவில்லை, டிசைன் வேலை எதுவும் அதுவரை வரவில்லை.

அப்போது குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆலங்குடியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவருக்கு நாற்பது வயது இருக்கும், கண் சிவந்து வீங்கியிருந்தது. கூட வந்தவர் அவருடைய மச்சான். விடியற்காலையில் கண் சிவந்தவருடைய அப்பா இறந்துவிட்டார். சாயங்காலம் எடுக்கிறார்கள். அதற்குள் கடைத்தெருவிலும் ஊர் முகப்பிலும் பேனர் கட்ட வேண்டும்.

"போட்டோ போன்ல இருக்குக்கா. நல்லா சிரிச்ச மாதிரி ஒன்னு இருக்கு, அதையே வச்சிருங்க" என்றார் மகன்.

வழக்கமான மாதிரியைத் திறந்தேன். போட்டோவை வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுத்துகளை மாற்றினேன். அவரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, படித்துப் பார்க்கச் சொன்னேன். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன். அவர் மெதுவாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, ஊர் பேரு பாதியக் காணுமே."

பார்த்தேன். 'ஆலங்கு' என்று இருந்தது. 'டி' இல்லை. நான்தான் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி அடித்தேன். அழுத்தினால் எழுத்து விழவில்லை. மேலே பார்த்தால் 'இறைவனடி சேர்ந்தார்' என்று எப்போதும் இருக்கிற வரி 'இறைவன சேர்ந்தார்' என்று இருந்தது. அது நான் அடித்ததுகூட இல்லை. மாதிரியிலேயே வருஷக்கணக்காக இருந்த வரி.

வேறு ஃபைல்களைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகையில் 'பெரியோர்கள் நிச்சயித்தப' என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதி ஊர்களின் பெயர் 'குடி'யில்தான் முடியும். அத்தனை 'குடி'யும் 'கு' ஆகிக் கிடந்தது. மகளும் நானும் பூவையும் பார்டரையும் பார்த்தோமே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை.

வேறு எழுத்து வகையில் அடித்துப் பார்த்தேன். 'டி' வந்தது. ஆனால் அது மனு அடிக்கிற மெலிந்த எழுத்து. பேனரில் போட்டால் ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. மச்சான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசம் எங்க பெரியப்பாவுக்குப் போட்டீங்களே, அந்த எழுத்து இல்லீங்களா?" என்று கேட்டார்.

மகனின் போன் விடாமல் அடித்தது. போனில் யாரோ, ஐஸ் பெட்டி வந்துவிட்டதா, பந்தல்காரர் வந்தாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் வந்துடும், வந்துடும் என்றே பதில் சொன்னார்.

"எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க" என்று மச்சானிடம் சொன்னேன். "மேஜைக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு. எடுத்து மேல வைங்க."

அவர் குனிந்து சாக்கோடு இழுத்து வெளியே எடுத்தார். துடைக்கக்கூட நிற்காமல் ஒயரை எல்லாம் பிடுங்கி இதில் மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பழைய சத்தத்தோடு எழுந்தது. தேதி ஏதோ பல வருஷத்துக்கு முந்தையதைக் காட்டியது, உள்ளே பேட்டரி போயிருக்க வேண்டும். புதியதில் சேமித்த ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டால் பழையது அதைத் திறக்க மறுத்தது. சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். பழைய மாதிரி, பழைய எழுத்து, அந்தப் போட்டோ. கை தானாகப் போயிற்று. முடித்து, படமாக மாற்றி, பென்டிரைவில் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மகன் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இறைவனடி என்கிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"சரியா இருக்குக்கா" என்றார். வெளியே போய் பைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அவர்கள் போனதும் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை. யார் வீட்டிலோ பிணம் கிடக்கும்போது இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து பழையதை மேஜைமேல் வைத்துவிட்டேன். புதியது மனுவுக்கும் அனுப்புவதற்கும் மட்டும். ஒரு வேலைக்கு இரண்டு முறை எழுந்து உட்கார வேண்டியிருந்தது. கழுத்து வலி அதிகமாகி, தஞ்சாவூர் டாக்டர் பட்டை மாட்டிவிட்டார்.

மகளிடம் போனில் சொன்னேன்.

"அப்ப நான் வாங்கினது சும்மா கெடக்கா?"

"சும்மா இல்லடி. மனுவெல்லாம் அதுலதான்."

"சரிம்மா. பொங்கலுக்கு வந்து பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு வந்தபோது மெலிந்திருந்தாள். போகி அன்றே கடைக்கு வந்து உட்கார்ந்து 'டி' ஏன் விழவில்லை என்று நோண்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

"உன் பழைய எழுத்துல 'டி'ன்னு வச்சிருக்குற இடம் இருக்குல்லம்மா, அந்த நம்பரு உலகத்துல மத்த எடத்துல எல்லாம் வேற ஒரு குறி. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. வார்த்தைய எங்க ஒடைக்கலாம்னு சொல்ற கோடு. பழைய வெர்ஷனுக்கு அது தெரியாது, அதனால எழுத்தக் காட்டிச்சு. புதுசு அத சரியாப் படிக்குது. அதனாலதான் தப்பா வருது."

"சரியாப் படிச்சு தப்பா வருதா?"

"ஆமாம்மா."

மென்பொருள் கம்பெனிக்கே எழுதிப் பார்க்கலாம் என்றாள். படம் எடுத்து, விளக்கமாக இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். வாடகை கட்டுகிறோம், கேட்க உரிமை இருக்கிறது என்றாள். கனுப் பொங்கல் கழிந்து பதில் வந்தது. கடையில் யாரும் இல்லை. அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன போட்டுருக்கான்?" என்றேன்.

தமிழில் சொன்னாள். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. நீங்கள் குறிப்பிடும் பழைய பதிப்புக்கும் அந்தப் பழைய எழுத்து முறைக்கும் ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய வசதிகளைப் பயன்படுத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பொறுமைக்கு நன்றி.

"மரியாதையாத்தான் எழுதிருக்கான்" என்றேன்.

"இத நான் எழுதிருக்கேம்மா."

எனக்குப் புரியவில்லை.

"இதே கம்பெனி இல்ல. ஆனா எங்க ஆபீசுல என் வேலையே இதுதான். ஒங்க சிரமம் புரியுது, ஆதரவு நிறுத்தியாச்சு, பொறுமைக்கு நன்றி. தெனம் இதத்தான் அனுப்புறேன்."

அவள் மென்பொருள் செய்கிறாள் என்றுதான் நான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்கிறவர்கள் வேறு இடமாம். இவள் இருந்தது, பழைய வெர்ஷனை விடமாட்டேன் என்கிற வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவு. ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதிக்கொண்டே இருப்பாராம். தோட்டம் வரைகிறவர். பழைய வெர்ஷனில் மரங்களைத் தன் கையாலேயே வரைந்து சேர்த்துவைத்திருக்கிறாராம். புதியதில் அந்த மரங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வருகின்றன, என் மரங்களைத் திருப்பிக் கொடு என்று எழுதுவாராம். ஒவ்வொரு தடவையும் இவள் பொறுமைக்கு நன்றி சொல்லுவாளாம்.

"பழச எடுத்து அனுப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"என்கிட்ட இருக்கும்மா அது. கம்ப்யூட்டர்லயே இருக்கு. அனுப்பக் கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரோ. எனக்கே தெரியாது."

பிறகு, நான் கேட்காமலேயே அடுத்ததையும் சொன்னாள். பழைய வெர்ஷனை அடியோடு மூடிவிட்டார்கள். அது இல்லை என்றால் அதற்குப் பதில் சொல்லும் பிரிவும் வேண்டாம். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இங்கே வந்தது போலவே மரியாதையான ஒரு கடிதம் வந்திருக்கிறது. பொங்கல் லீவு முடிந்து அவள் திரும்பிப் போக ஆபீஸ் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வந்த நாளிலிருந்து 'டி'யை நோண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழவில்லை. அலுத்துப்போன குரலில், அடுத்த வீட்டு விஷயம் மாதிரி சொன்னாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். அப்போது ஒருவர் ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் அவள் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். சம்பா கதிர் சாய்கிற நேரம், மழை வந்துவிடுமோ என்கிற பயத்தில் இருந்தார்.

"வெதை டிப்போலயும் அப்படித்தான் பண்றான். போன வருஷம் போட்ட ரகத்தக் கேட்டா இப்ப வர்றதில்லங்கிறான். புதுசத்தான் எடுத்துட்டுப் போன்னுவான்" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளு இங்கயே இரு. என்ன அவசரம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் இருந்தாள். தினமும் என்னோடு கடைக்கு வந்தாள். என் பழைய எழுத்தைப் புது முறைக்கு மாற்றுவதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். சிலவற்றில் நன்றாகவே வேலை செய்தது. மனுக்களும் நோட்டீஸ்களும் ஒரு புள்ளி குறையாமல் மாறின. பத்திரிகைகளில்தான் வம்பு. நான் வளைத்து, இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்திருந்த எழுத்துகளை அது கலைத்துப் போட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவள் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலையும்.

"ஏம்மா இப்படியெல்லாம் போட்டு வச்சிருக்க? ஒழுங்கா நேரா வச்சிருக்கக் கூடாதா?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

"அப்ப பாக்க அழகா இருந்துச்சுடி."

இன்னொரு நாள் நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே சொன்னாள்.

"அந்த அம்மாவுக்கு அனுப்பிட்டேன்."

"எந்த அம்மா?"

"மரம் வரையிறவங்க. என் லேப்டாப்புல இருந்த பழைய வெர்ஷன. ஆபீசு லேப்டாப்ப திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடி."

"ஒன்னும் ஆகாதா?"

"ஆனா ஆவட்டும்."

அதற்குப் பதில் வந்ததா, அந்த அம்மாளின் மரங்கள் திரும்பக் கிடைத்தனவா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கோடைக்கு முன்னால் பெங்களூரில் வேலை கிடைத்தது. இதுவும் மென்பொருள்தான், துணியில் டிசைன் போடுகிறது. என்ன பிரிவு என்று கேட்டேன். "வெளியிடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குறது. பழைய ஃபைலு புதுசுல சரியாத் திறக்குதான்னு நான் பாக்கணும்" என்றாள். திறக்கவில்லை என்று இவள் எழுதிக் கொடுத்தால் கேட்பார்களா என்றேன். சில சமயம் கேட்பார்களாம்.

அவள் கிளம்பிய அன்று கும்பகோணம் ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கிப்போய், வலங்கைமான் தாண்டி அடுத்த நிறுத்தத்தில்தான் விழித்தேன். நடந்து திரும்பி வந்தேன். வெயில் ஏறியிருந்தது. கடை வாசலில் அறுவடை மிஷின் வைத்திருக்கும் ஒருவர் விசிட்டிங் கார்டு போட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

இப்போது காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, எழுத்து எழுத்தாகப் புதியதில் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன். வளைவு இல்லாமல், நேராக. காதுகுத்துப் பத்திரிகைகள் முடிந்துவிட்டன. கல்யாணம் அப்படியே இருக்கிறது. போஸ்டர் கேட்டு யாராவது அவசரமாக வந்தால் இன்னும் பழையதற்குத்தான் போகிறேன், அழுகிறவர்களை உட்காரவைத்து என்னால் எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அது ஒருநாள் எழாமல் போகும். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

மகளை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று விசிட்டிங் கார்டுக்காரர் என்னைப் பார்த்து, "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்லீங்க. உக்காருங்க. பேரு சொல்லுங்க" என்றேன்.